காப்பிக்குப் போடுற சாமி

“ஒரே ஒருதரம் சொல்லு வெள்ளத்தாயி. இங்கன நம்மளத் தெரிஞ்சவுக ஒருத்தரும் இல்ல.”

“மாட்டேன். பேசாம வாங்க, வழுக்குது.”

செண்பகத்தோப்பிலிருந்து மேலே ஏறும் காட்டுப்பாதையில் வெள்ளத்தாய் முன்னால் போனாள். பின்னால் அவள் புருசன் சீனிச்சாமி, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். காட்டை அணில் சரணாலயமாக்கி போர்டு வைத்த பிறகு, உச்சிப் பாறையில் கம்பிக்கிராதி போட்டு, மலை பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற விடுகிறார்கள். அங்கே போகணும் என்று ஒரு வாரமாக நச்சரித்தது வெள்ளத்தாய்தான். கல்யாணம் ஆனதிலிருந்து, எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்று அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. சீனிச்சாமி அதிலேயே தன் காரியத்தையும் முடித்துக்கொள்ளப் பார்த்தான்.

அவன் காரியம் இதுதான். பெண்டாட்டி வாயால் தன் பேரை ஒருதரம் கேட்க வேண்டும்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவனுக்கு வரவில்லை. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவன் அம்மா. போன தையில் அவளும் போய்ச் சேர்ந்தாள். மில்லில் அவன் ‘பிட்டரு’. தெருவில் ‘சித்தப்பா’. பிள்ளைகளுக்கு ‘அப்பா’. வீட்டுக்காரிக்கு ‘ஏங்க’. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது, ஆளில்லாத இடமாகப் பார்த்துத் தன் பேரைத் தானே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்வான்.

இதை ஒருநாள் வெட்கத்தை விட்டு அவளிடம் சொன்னபோது, அவள் அவன் வாயைப் பொத்தினாள். பேர் சொன்னால் புருசன் ஆயுசு குறையும் என்று அவளைச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பேர் மட்டுமா? சீனி என்ற சொல்லே அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் “காப்பிக்குப் போடுறது ரெண்டு கிலோ” என்றுதான் கேட்பாள். கார்டு எழுத வந்தவர் குடும்பத் தலைவர் பேரைக் கேட்டதற்கு, “காப்பிக்குப் போடுவோம்ல, அதுக்குப் பொறத்தால ஒரு சாமி சேத்துக்கோங்க” என்றாள். அவர் யோசிக்காமல் காப்பிச்சாமி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதைத் திருத்த சீனிச்சாமி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தான்.

உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். சோலைமரங்கள் எல்லாம் காலுக்குக் கீழே ஈரத்தோடு கிடந்தன. தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் விரல் உசரத்துக்குத் தெரிந்தது. கிராதி ஓரத்தில் சாத்தூரிலிருந்து வேனில் வந்த கூட்டம் ஒன்று, புருசனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. வெள்ளத்தாய் காலில் ஏறியிருந்த அட்டையை சீனிச்சாமி உப்பு வைத்து எடுத்துவிட்டான்.

அந்தப் பெரிய பாறைக்கு அங்கிட்டுப் போனால் அருவி தெரியுமாம், பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், எனக்குக் கால் வலிக்கிறது என்றாள் அவள். அவன் போனான். அருவியைக் காணோம். மேற்கே மலையைத் தாண்டிக்கொண்டு மேகம்தான் இறங்கி வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கிராதி மறைந்தது, கூட்டம் மறைந்தது. மனுசர்கள் வெறும் குரலாகிப் போனார்கள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பாறைக்குப் பின்னால் சத்தமில்லாமல் குத்தவைத்தான்.

“ஏங்க.”

மூன்று பக்கத்திலிருந்து “என்ன?” என்று பதில் வந்தது.

“ஒங்களயில்ல. எங்க வீட்டுக்காரவுகள.” குரல் கொஞ்சம் நகர்ந்தது. “ஏங்க, எங்கன இருக்கீக?”

“இங்கனதான இருக்கேன். அந்த ஊறுகாய இங்கிட்டுத் தள்ளு,” என்றது ஒரு தடித்த குரல். கூட்டம் சிரித்தது. வயசான குரல் ஒன்று மட்டும் தன்மையாகச் சொன்னது: “பேரச் சொல்லிக் கூப்புடு தாயி. ஏங்கன்னா இங்க இருக்க அம்புட்டு ஆம்பளையும் ஏங்கதான்.”

அதற்குப் பிறகு அவள் சத்தமே இல்லை.

சீனிச்சாமிக்குச் சட்டென்று உறைத்தது. கிராதிக்கு அங்கிட்டு பாதாளம். தேடிக்கொண்டு கால் தவறி எங்கேயாவது வைத்துவிட்டால்? பேராவது ஒண்ணாவது, போதும் என்று எழுந்துவிட்டான்.

“சீனிச்சாமி.”

கூப்பிட்ட மாதிரி இல்லை. தின்றறியாத பண்டத்தை நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு அவள் குரலைத் தூக்கினாள்.

“சீனிச்சாமீ...”

எதிர்மலை அதை வாங்கி, நிதானமாகத் திருப்பிச் சொன்னது. அவன் அம்மா சாயங்காலத்தில் வாசலில் நின்று கூப்பிட்ட அதே நீட்டல். பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்த பிறகுதான் அவனுக்கு நடக்க வந்தது.

அவள் கிராதியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஏசவில்லை, எங்கே போனீர்கள் என்றும் கேட்கவில்லை. அதுவே அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

“பாறைக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருந்தேன் வெள்ளத்தாயி,” என்றான். “ஒன்னயச் சொல்ல வைக்கணும்னு. புத்திகெட்டுப்போயி ஒன்னயப் பயங்காட்டிட்டேன்.”

வெள்ளத்தாய் அவன் தோளில் நனைந்திருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுவிட்டாள்.

“நான் எதுக்குப் பயப்படுதேன்? வெள்ளிக்கிழமையே ஆண்டாள் சன்னிதியில நின்னு, ஒரே ஒருதரம் சொல்லிக்கிடுதேன், அவுக ஆயுசுல கை வச்சிராத தாயின்னு உத்தரவு கேட்டுட்டேன்,” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே. “மூஞ்சிக்கு நேரா சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு, மலைக்கு வந்தா மேகம் எறங்கி ஒங்கள செத்த நேரம் மறைக்கும்னு சொன்னாக.”