மாதிரி வீட்டுக் குழாய்

"குழாய் கிடைக்கிற வரைக்கும் ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது. கேட்டைச் சாத்துப்பா," என்று பேராசிரியர் சொன்னதும் காவலாளி ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினார்.

வீட்டுக் கண்காட்சி முடிந்து, மைதானத்தில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்த நேரம். வீட்டு வசதி வாரியம், மாநகராட்சி, ஒரு வங்கி, ஒரு பொறியியல் கல்லூரி என்று நான்கு பேரும் கைகோத்து நடத்திய கண்காட்சி அது. 'எல்லோருக்கும் கட்டுப்படியாகும் வீடு' என்று வாசலில் பெரிய பேனர். நடுவில் நிஜ அளவில் ஒரு மாதிரி வீடு. பலகை பலகையாக வைத்து போல்ட் போட்டு முறுக்கியது. அதன் குளியலறையில் கல்லூரி மாணவர்கள் செய்த பேட்டரிக் குழாய். கையை நீட்டினால் பச்சை விளக்கு எரிந்து தண்ணீர் கொட்டும், எடுத்தால் நிற்கும். வந்த ஜனம் வீட்டைப் பார்த்ததைவிடக் குழாய்க்குக் கை நீட்டியதுதான் அதிகம்.

வீட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கடைசியாக ஒரு தடவை பார்க்கலாமே என்று பேராசிரியர் எட்டிப் பார்த்தால், குளியலறைச் சுவரில் குழாய் இருந்த இடத்தில் ஓட்டை.

"என் பசங்க ராப்பகலா உழைச்சது." பேராசிரியர் போனை எடுத்தார். "போலீஸைக் கூப்பிடப் போறேன்."

போலீஸ் வந்தால் முதலில் யாரைப் பிடிக்கும்? வாசலில் நின்றவனைத்தான். காவலாளிக்கு வேலை போனால் போக்கிடம் கிடையாது. குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் ஏற்கெனவே கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமனார் மகளுக்கென்று கொடுத்த துண்டு நிலம் ஒன்று உண்டு. அதில் முள்செடிதான் வாடகையில்லாமல் குடியிருந்தது.

கண்காட்சி தொடங்கிய அன்றே காவலாளி வங்கிக்காரர்களின் மேஜை முன்னால் போய் நின்று பார்த்தார். வீட்டுக் கடன் வேண்டுமென்றால் வீட்டு முகவரிக்குச் சான்று வேண்டும் என்றார்கள்.

"வீடு இருந்தா நான் ஏம்மா இங்க வந்து நிக்கறேன்?" என்று கேட்டார். மேஜையிலிருந்த பெண் சிரித்துவிட்டு ஒரு பேனா கொடுத்தாள்.

சரி, உட்கார ஒரு நாற்காலியாவது கொடுங்கள் என்று கேட்டார். வாரியம் மாநகராட்சியைக் கை காட்டியது. மாநகராட்சி வங்கியைக் காட்டியது. வங்கி கல்லூரியைக் காட்டியது. கல்லூரி, "அதெல்லாம் வாரியம் பார்த்துக்கும்," என்று முடித்துவிட்டது. ஆக, கண்காட்சி முடிகிற வரை மனிதர் நின்றுகொண்டேதான் இருந்தார்.

இப்போதும் நான்கு பேரும் லாரியைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலாளியோ பாரம் ஏற்றிய ஆட்களை ஒவ்வொருவராக நோட்டம் விட்டார். அவர்களில் ஒருவன் அவருடைய சொந்த மச்சினன், மனைவிக்குத் தம்பி. ஆள் ஒல்லி என்பதால் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு மட்டும் குண்டூசிக்குத் தொப்பை போட்டிருந்தது.

"டேய், இங்க வா."

"கயிறு கட்டணும் மாமா. நிறைய வேலை கெடக்கு."

"வயித்துல என்னடா?"

"சாப்பாடுதான்."

காவலாளி விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்றது.

"எந்த ஊரு சாப்பாடுடா இப்படிச் சத்தம் போடுது?" என்று சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். குழாய் பொத்தென்று கீழே விழுந்தது. பேராசிரியர் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதை அள்ளிக்கொண்டார்.

"மச்சினன்னுகூடப் பார்க்கலியே இந்த மனுஷன்," என்று வங்கி மேலாளர் அசந்துபோனார்.

"போலீஸ்ல ஒப்படைச்சிடலாமா?" என்றார் வாரிய அதிகாரி.

"வேணாம் சார். கழட்டின கையாலேயே மாட்டிடுவான்." காவலாளி மச்சினனை முறைத்தார். "ஏறுடா. எடுத்த இடத்துலயே மாட்டு."

குண்டூசி முகம் சிவக்க லாரியில் ஏறி மாட்டினான். பேராசிரியரும் பின்னாலேயே ஏறிக் கையை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"பத்திரமா போய்ச் சேரணும்ப்பா."

"கீறல் படாம போய்ச் சேரும் சார். அதுக்கு நான் பொறுப்பு."

எல்லோரும் கை தட்டினார்கள். இந்த மாதிரி நேர்மையான ஆட்கள்தான் நாட்டுக்குத் தேவை என்று மேலாளர் இரண்டு வார்த்தை பேசி, இன்னொரு பேனா கொடுத்தார். காவலாளி அதைச் சட்டைப் பையில் முதல் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, கேட்டை அகலத் திறந்து, லாரிக்கு ஒரு சல்யூட்டும் வைத்தார்.

மறுவாரம், மைதானத்தில் ஒரு ஆணிகூட மிச்சம் வைக்காமல் காலி செய்து கொடுத்ததற்காக வாரியம் மாநகராட்சிக்கும், மாநகராட்சி வங்கிக்கும், வங்கி கல்லூரிக்கும், கல்லூரி வாரியத்துக்கும் நன்றி தெரிவித்துக்கொண்டன.

குண்டூசிக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டே முனகினான். "நாலு பேர் பார்க்கச் சட்டையைப் பிடிச்சிட்டீங்களே மாமா. ஒரே ஒரு குழாய்தானே?"

முள்செடியை வெட்டிப்போட்ட இடத்தில், வாசற்படியில் ஒருவழியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த காவலாளி சொன்னார்: "திருடறவன் வேற எங்கயாவது திருடுடா. சொந்த அக்கா வீட்டுலயா கை வைப்பே?"