வியாகுலமேரி அக்காவின் அகராதி

கணினியின் அகராதியில் இல்லாத ஊருக்கு ஓட்டுநரில்லா ஆம்புலன்ஸ் கிளம்பாது. ஊர்ப்பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு விழும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

வியாகுலமேரி அக்கா ஓய்வுபெற்ற மறுநாள் காலை, கட்டுப்பாட்டு அறையில் அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. “பழைய ஆள் சேர்த்த சொல்லையெல்லாம் அழிச்சிட்டு ஆரம்பிம்மா, அதான் விதி,” என்றார் மேற்பார்வையாளர் தணிகைவேல். அழிக்கப் போனபோது அழைப்பு வந்தது.

“உப்பளத்துக்குப் பின்னாடி நண்டுப்பொட்டல். பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு தாயி, சீக்கிரம் அனுப்புங்க!”

வரைபடத்திலேயே இல்லாத ஊர். பயந்துகொண்டே தட்டினேன். கோடு விழவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

அக்காவின் பட்டியலைத் திறந்தேன். இரண்டாயிரத்து முந்நூறு ஊர்கள். ஒவ்வொன்றின் அருகிலும் போகும் வழியும், அவர் நேரில் போய்க் கேட்டு வந்த தேதியும் இருந்தன. தேதிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்.

“அழிச்சாச்சா?”

“மாட்டேன் சார். வேணும்னா என்னைத் தூக்கிடுங்க.”

மதியம், நண்டுப்பொட்டலில் பெண் குழந்தை என்று செய்தி வந்தது. அக்காவுக்குச் சொல்ல எழுத ஆரம்பித்தேன். ‘வியாகுலமேரி’ என்றதும் சிவப்புக் கோடு விழுந்தது.

நான் சேர்த்த முதல் சொல் அதுதான்.