அருவிக்கு முதுகு காட்டிய கரடி

மலையேறும் பழைய நீராவி ரயிலில் ஒரு கரடிக் குடும்பம் அருவி பார்க்கப் போனது. அந்த அருவியைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமென்பது அப்பாக் கரடிக்குச் சிறுவயது ஆசை. ஆனால் போய் இறங்கியதுமே, திரும்பும் ரயிலைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற கவலை அதைப் பிடித்துக்கொண்டது.

அம்மாவும் குட்டியும் அருவியில் நனைந்தன. அப்பா கட்டுச்சோற்று மூட்டையோடு கரையில் நின்று, தண்டவாளம் முடியும் இடத்தில் இளைப்பாறிய எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒரு தடவை திரும்பித்தான் பாருங்களேன்” என்றது அம்மா.

“இரு, இரு. அது புகை விடுது.”

சாயங்காலம் முதல் ஆளாக ஏற வந்த அப்பாவிடம் எஞ்சின் கேட்டது: “ஏன் ஓய், நாள் பூரா என்னையே முறைச்சுக்கிட்டு நின்னீரே, என்ன விஷயம்?”

“விட்டுட்டுப் போயிடுவீரோன்னுதான்.”

“நல்லா இருக்கே. நான் அருவியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீர்தான் நடுவில நின்னு மறைச்சீர்.”

ரயில் மெல்ல மலையிறங்கியது. குட்டி அப்பாவின் மடியில் தூங்கிப்போனது. அதன் ரோமத்திலிருந்து அருவித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அப்பாவின் உள்ளங்கையில் விழுந்தது.

“துவட்டி விடுங்க, சளி பிடிக்கும்” என்று துண்டை நீட்டியது அம்மா.

“இரு” என்றது அப்பா. “இன்னும் கொஞ்சம் விழட்டும்.”