போத்தலில் ஒட்டிய பெயர்

"முன்கதவைக் கொஞ்சம் சாத்துங்கோ, நானா," என்றார் சுகாதாரப் பரிசோதகர் ரஜீவன், கடை முதலாளி ஜமால்தீனை அண்ணன் முறை வைத்து. "உங்கட கடை ஆக்களில ஒராளிட்ட நெருப்புக்காய்ச்சல் கிருமி, டைபொயிட் கிருமி இருக்கு."

ஜமால்தீன் வாசலை எட்டிப் பார்த்தார். மூதூர்ப் படகுத்துறைக்கு எதிரே இருக்கும் அவருடைய சாப்பாட்டுக்கடைக்கு மத்தியானச் சோற்றுக்கு இன்னும் ஆள் வரவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவருடைய கண் நேரே சமையற்காரன் முனீப்பிடம் போயிற்று. நேற்றிலிருந்து இருமிக்கொண்டிருந்த முனீப்புக்கு இப்போது முகமெல்லாம் வியர்த்து வழிந்தது.

"எனக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்ல சேர்," என்றான் அவன், யாரும் கேட்காமலே. "அடுப்படியில நிண்டா வேர்க்கத்தானே செய்யும்."

"காய்ச்சல் இருக்கவேணும் எண்டு இல்லை. சில பேர் நல்ல சுகமா இருந்துகொண்டே கிருமியைக் காவித் திரிவினம். அதுக்குத்தானே எல்லாரிட்டயும் மலம் எடுத்துப் பாத்தனாங்கள்."

அந்தக் கூத்தைக் கடையில் யாரும் மறக்கவில்லை. சாப்பாட்டுக்கடையில் நிற்கிற ஒவ்வொருவரும் வைத்தியச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்குச் சின்னப் போத்தலில் மலம் கொண்டுவர வேண்டும் என்றதும் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். "காசு மேசையில சும்மா இருக்கிற எனக்குமா?" என்று ஜமால்தீன் கேட்டுப் பார்த்தார். முதலாளிக்கும் அதே சட்டம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜமால்தீனுடைய வயிறு பிடிவாதக்கார வயிறு. நாள் குறித்துக் கேட்டால் தருகிற வயிறே அல்ல. ஆனாலும் சுகாதாரக் காரியாலய மேசைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தது அவருடைய பெயர் ஒட்டிய போத்தல்தான். மனைவி சனூஸா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலில் வைத்து அவர் கையில் கொடுத்து அனுப்பினாள்.

"ஆர் சேர் அது?" என்று கேட்டார் ஜமால்தீன்.

ரஜீவன் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள்தான், நானா."

முனீப் விட்ட பெருமூச்சு பின்னால் இருந்த குசினி அடுப்படி வரை கேட்டிருக்கும்.

"பயப்பிடாதேங்கோ," என்றார் ரஜீவன். "மருந்துக் குளிசை இருக்கு, சுகமாக்கலாம். கொதிக்கிற கறியில கிருமி தங்காது. ஆறின சாப்பாட்டைத் தொடுற கையிலதான் முழு ஆபத்தும். நீங்கள் சாப்பாட்டுப் பக்கமே போறேல்லத்தானே? சுகம் எண்டு நாங்கள் சொல்லுமட்டும் வீட்டில இருங்கோ. கடையைப் பூட்டத் தேவையில்லை."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே பரிசோதகருக்கு ஒரு தேத்தண்ணி போடச் சொல்லியிருப்பார். ஜமால்தீனுக்கோ அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. அவருடைய பார்வை குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கியிருந்த வட்டிலாப்பக் கிண்ணங்களிலேயே நின்றது.

தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவிக்கிற அந்த வட்டிலாப்பத்துக்குப் படகுத்துறைப் பக்கம் தனி மவுசு. கடைக் குசினியில் முனீப் செய்வது என்றுதான் ஊருக்குப் பேச்சு. உண்மையில் அது வீட்டில் சனூஸா அவித்து, ஆறிய பிறகு கஜு முந்திரிப்பருப்பை ஒவ்வொன்றாகத் தன் விரலால் பதித்து அனுப்புவது. பதிவு செய்யாத வீட்டுக் குசினியில் செய்ததை விற்றால் கேள்வி வரும் என்று ஜமால்தீன்தான் அப்படிச் சொல்லப் பழக்கியிருந்தார்.

ரஜீவனும் பெட்டியைப் பார்த்தார். "மகள் நெடுகக் கேக்கிறவ. இது ஆர் செய்யிறது?"

"நான்தான் சேர்," என்றான் முனீப், பழக்கிய கிளியாக.

"அப்ப நல்லது. உங்களிட்ட ஒரு கிருமியும் இல்லை. மகளுக்கு ஒண்டு கட்டித் தாங்கோ."

முனீப் கட்டினான். ரஜீவன் காசைக் கொடுத்து, வெளியே போய்ப் பையை மோட்டார் சைக்கிள் கொழுக்கியில் மாட்டினார். ஜமால்தீன் நின்ற இடத்திலேயே நின்றார். வாயைத் திறந்தால் கடை போகும், சனூஸாவின் பெயரும் சேர்ந்து போகும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. திறக்காவிட்டால், அந்தப் பை ஒரு சின்னப் பிள்ளையின் கைக்குப் போகும். நேற்றும் முந்தநாளும் வாங்கிக்கொண்டு போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மோட்டார் சைக்கிள் உறுமியது. ஜமால்தீன் செருப்பும் போடாமல் வெயிலில் ஓடிப்போய்க் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், அத மகளுக்குக் குடுக்காதீங்க."

"ஏன் நானா? முனீப் செய்ததுதானே?"

"அவன் செய்யல்ல. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்ன. என்ட பொஞ்சாதி வீட்டில செஞ்சது."

ரஜீவனின் முகம் சுருங்கியது. வண்டியை நிறுத்தினார். "வீட்டில செய்ததை வித்தது பிழைதான், அதைப் பிறகு கதைப்பம். அதுக்கேன் இப்பிடிப் பதறுறீங்கள்? கிருமி உங்களிட்டத்தானே, அவவிட்ட இல்லையே."

ஜமால்தீன் பையைக் கொழுக்கியிலிருந்து கழற்றி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போத்தல்ல என்ட பேர்தான் சேர். உள்ள இருந்தது அவள்ட."