நாய் படுத்திருந்த பக்கம்

கடைசிப் பந்து. எங்கள் ஊர் ஜெயிக்க இரண்டே இரண்டு ரன் போதும். மட்டையோடு நின்ற செல்வின் இடப்பக்கம்தான் தூக்கி அடிப்பான் என்று உலகத்துக்கே தெரியும். எதிரணிக் கேப்டன் எல்லோரையும் அங்கே நிறுத்திவிட்டான். வலப்பக்கத்தில் ஒரு கறுப்பு நாய் மட்டும் படுத்திருந்தது.

"அந்தப் பக்கம் சும்மா தட்டிட்டு ஓடுடா!" என்று எல்லைக் கயிற்றருகே நின்று கத்தினேன்.

"தட்டி ஜெயிச்சா எவன் விசிலடிப்பான்ணே?" என்று சிரித்தவன் இடப்பக்கமே தூக்கினான். பந்து தென்னைமர உயரம் போய் இறங்கியது. கீழே நின்றவன் ஓரடிகூட நகராமல் பிடித்தான்.

"அவுட்டானாலும் என்னா அடிடா!" என்று எங்கள் ஊரே எழுந்து விசிலடித்தது. இந்த வருஷமும் கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது.

நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பந்து வராத இடம் அதற்குத் தெரியும். வருஷா வருஷம் அங்கேதான் வந்து படுக்கிறது.