டெய்லர் வீட்டைச் சுற்றி

கடல் உள்வாங்கிய உச்சிவெயிலில், மூன்று தெருக்கள் இருந்த இடம் ஈர மணலாக மினுங்குகிறது. கடல் கொண்ட வீடுகளை அளக்க வந்த சர்வேயர், நாடாவோடு முன்னே போய் நிற்கிறார். அடையாளம் காட்ட வந்த வலை பின்னுகிறவள் நேரே வராமல், இல்லாத முனையில் திரும்பி, இல்லாத சந்தில் ஒடுங்கி நடக்கிறாள். "நேரா வாங்கம்மா, வெறும் மணல்தானே." "டெய்லர் வீட்டுக்குள்ள பூந்து வரச் சொல்றீங்களா? கத்தியே ஊரைக் கூட்டிடுவாரு." கூடுவதற்கு ஊர் இல்லை, நண்டுகள் ஓடுகின்றன. சிப்பி அப்பிய ஒரு கல்லின் முன் நின்று அவள் செருப்பைக் கழற்றுகிறாள். அது அவள் வீட்டு வாசற்படி. படிக்கு உள்ளே நிற்கும் சர்வேயர், சட்டென்று பூட்ஸைக் கழற்றக் குனிகிறார். "இருக்கட்டும் தம்பி, கழட்ட வேணாம்," என்கிறாள். "இந்த வீட்டுக்கு ஆள் வந்து ஒம்பது வருஷமாச்சு."