சத்தம் வரும் பக்கம்

புதுக் கேமரா மறுபடியும் தலாந்த் பக்கம் திரும்பிக்கொண்டது.

பாடம் நடத்துவது என்னவோ பெகிமாய்தான். அவள் கைகளால் சொல்வதை வாயால் எடுத்துச் சொல்வது மட்டுமே தலாந்தின் வேலை.

ஆனால் சத்தம் வரும் பக்கம் தானாகத் திரும்புகிற கேமரா அது. கூரையில் நான்கு மைக்குகள் காதைத் தீட்டிக்கொண்டு தொங்கின. பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத பெகிமாயை அவை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை.

நாரின் நகர ஆசிரியர் கல்லூரியில் பதினோரு வருடமாகச் சைகை மொழி கற்றுக்கொடுக்கிறாள். இன்று தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு திரையில் உட்கார்ந்து இந்தக் கேமரா வழியாக வகுப்பைப் பார்க்கிறது. அடுத்த வருடமும் அவளுக்கு வேலை உண்டா, இல்லை தலாந்த் ஒருவனே போதுமா என்று இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

குழுத் தலைவர் ஜுமாபெக் தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மனமாரப் பாராட்டினார்.

"தம்பி, பிரமாதமா நடத்துறீங்க. ஓரத்துல ஒரு கை வந்து வந்து போகுது பாருங்க, அந்தம்மாவ மட்டும் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க."

தலாந்துக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இருந்தாலும் ஒரு சொல் விடாமல் கையால் அவளுக்குச் சொன்னான். எதையாவது மறைத்தால் பெகிமாய் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

மறைக்காமல் சொன்னதற்கும் வந்தது.

'இனி நீ வாயைத் திறக்கக் கூடாது' என்றன அவள் விரல்கள்.

நேராக மேசைக்குப் போனாள். உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

கேமரா வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பியது.

கைகளை உயர்த்திப் பாடத்தைத் தொடர்ந்தாள். சத்தம் நின்று ஐந்து விநாடி ஆனால் அது வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடும். அதனால் மறுபடி ஓர் அறை. ஒரு வாக்கியம், ஓர் அறை. தட்டிலிருந்த போர்சோக் பலகாரங்கள் உருண்டு தரையில் விழுந்தன. உள்ளங்கை எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்றிருந்தது அவளுக்கு.

மாணவர்கள் பன்னிரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை. ஒருவர் இருமினால் போதும், அந்த மானங்கெட்ட கேமரா அங்கே ஓடிவிடும். சளி பிடித்திருந்த எர்மெக் கழுத்துத் துணியை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான்.

திரையில் ஜுமாபெக் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"ஏம்மா, எதுக்கு இந்த அடி அடிக்கிறீங்க? நாங்க என்ன செவிடா?"

தலாந்த் வாயைத் திறக்காமல் அதையும் அப்படியே கையால் சொன்னான்.

பெகிமாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது கையால் கரும்பலகையைத் தட்டிக்கொண்டே வலது கையால் தன் பாடத்தின் முதல் வரியைப் பெரிய எழுத்தில் எழுதினாள். மாணவர்களுக்கு அது செப்டம்பரில் வகுப்பு தொடங்கியபோதே மனப்பாடம்.

'காது கேளாதவரைக் கூப்பிட மேசையில் தட்டுக. திரும்பிப் பார்க்கும் வரை தட்டுக.'